சும்மா வந்த ஒரு செக்

நாலு நாளாகச் சதுரங்கப் பலகையை விரித்து வைத்து, போன சந்தையன்று போடியில் நடந்த போட்டியைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கிறேன். சோறு இறங்கவில்லை. இப்படியும் ஒரு மனிதன் தோற்பானா?

தோற்றவர் என் தங்கை வீட்டுக்காரர், ராசிங்காபுரத்து மாப்பிள்ளை. முறுக்கு மீசைக்காரர். எதிரே உட்கார்ந்தவர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர்; வெள்ளைக்காரத் துரையிடம் ஆட்டம் பழகியவர். தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக மாப்பிள்ளை ஊரறியச் சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்?

முதல் காயிலேயே அதிர்ச்சி. கணக்கர் சிப்பாயை ஒரே மூச்சில் இரண்டு கட்டம் தள்ளினார்! நம் ஊரில் சிப்பாய்க்கு ஒரு கட்டம்தானே? கூட்டம் சத்தம் போட்டது. இங்கிலீஷ் சட்டமாம். நீங்கள் உங்கள் வழக்கப்படியே ஆடுங்கள் என்றார், பெருந்தன்மையாக. மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் வழக்கத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரிப் பாயலாமே!

மாப்பிள்ளை ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை நகர்த்தினார். உடனே கணக்கரின் மந்திரி குறுக்கே வந்து செக் வைத்தது. இவர் இன்னொரு சிப்பாயால் மறித்தார். மந்திரி வந்த வழியே திரும்பிப் போனது... எதற்கு இந்த வெட்டிச் செக்? எல்லோரும் சிரித்தோம்.

பொழுது சாயும்போது மாப்பிள்ளையின் ராஜாவைச் சுற்றி வளைத்தாயிற்று. அவர் பதறவில்லை. குதிரைப் பாய்ச்சலுக்கு ராஜாவைக் கையில் தூக்கினார். கணக்கர் மெதுவாகத் தடுத்தார்.

"ஒருக்கா செக் வாங்குன ராசா பாயக் கூடாதுல்லண்ணே? உங்க வழக்கந்தான அது?"

எங்கள் வழக்கம்தான். பால்குடி மறந்த நாளிலிருந்து ஆடுகிற ஆட்டம். ஒருத்தருக்காவது ஞாபகம் வரவேண்டாமா? அவர் கொண்டுவந்த சட்டத்தின் மேலேயே கண்ணாக இருந்தோம். நம் சட்டத்தை அவர் நம்மைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு மலையிறங்கி வந்திருக்கிறார் — அதை யாரும் யோசிக்கவில்லை. ஆட்டம் சாயங்காலம் முடியவில்லை. அந்த வெட்டிச் செக்கிலேயே முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாதவர். நேரே நாவிதரிடம் போய் மீசையை எடுத்துவிட்டு ஊர் திரும்பினார். நம் பக்கத்தில் அப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பது. வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவருடைய அப்பா, மகனை ஏற இறங்கப் பார்த்தாராம். உரலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்:

"ஏன்டா அப்பு... நான் எப்படா செத்தேன்?"