பீர் புத்தகத்தின் தோல்

என் தோழி ஸ்காட்லாந்தில் பழைய பீர் புத்தகங்களைப் பழுது பார்க்கிறாள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அந்த வேலையில் நான் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பு. தப்பான நினைப்புதான், தெரியும், தெரிந்தும் நினைக்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் தோல் தொழில்நுட்பம் படித்தோம். நான் ஆம்பூர்க்காரி. அப்பா தோல் பதனிடும் டேனரியில் ஆவாரம்பட்டைக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அவள் அரக்கோணத்து ரயில்வே குடும்பம். முதல் நாள் லேபுக்குள் வராமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றவள். பட்டைத் தண்ணீரில் கண்ணாடி மிதவையை விட்டு, குனிந்து, கண்ணுக்கு நேராக வைத்து, சாறு எவ்வளவு கெட்டி என்று அளவைப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். பழைய தோலையும் புத்தக உறைகளையும் பாதுகாக்க வெளிநாட்டில் ஒரு படிப்பு இருக்கிறது என்ற அறிவிப்பை அவளுக்குக் காட்டியதும் நான்தான். எனக்கும் இடம் கிடைத்தது, வீட்டில் விடவில்லை என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். நான் விண்ணப்பமே போடவில்லை. இப்போது ஷூ கம்பெனி ஒன்றில், மேஜைமேல் விரித்த தோலைத் தடவித் தடவித் தரம் பிரிக்கிறேன்.

அவளுடைய வேலையைச் சொல்கிறேன். அந்த ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு பீர் காய்ச்சியிருக்கிறார்கள். காய்ச்சியவர்கள் தினமும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள்: எத்தனை மூட்டை பார்லி, எவ்வளவு சூடு, மிதவை எந்தக் கோட்டில் நின்றது, அன்று மழையா வெயிலா. கம்பெனிகள் மூடியபின் அந்தப் புத்தகங்கள் ஈரத்தில் ஊறி, எலி கடித்து, எப்படியோ ஒரு ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இவள் அவற்றின் தோல் உறைகளைச் சரிசெய்கிறாள். சரிசெய்த புத்தகத்தைப் பார்த்து அதே பழைய பீரை மறுபடி காய்ச்சிக்கூடப் பார்க்கிறார்களாம். இவள் ஒரு வாய் குடித்துவிட்டு, கஷாயம் மாதிரி இருந்தது என்றாள்.

போன வருஷம் ஒரு தமிழ் இணைய இதழில் அவளைப் பற்றி எழுதினார்கள். 'ஸ்காட்லாந்தில் பீர் வரலாற்றைக் காக்கும் தமிழ்ப் பெண்' என்று தலைப்பு. கண்ணாடி மிதவையைப் பற்றிக்கூட அதில் சொல்லியிருந்தாள், கல்லூரியில் கற்றுக்கொண்டதாக. யாரிடம் என்று சொல்லவில்லை. என் போனில் அதைத் திறந்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன். திரும்பி வந்தால் மாமியார் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார், கண்ணில் நீர்.

"ஸ்காட்லாந்துலகூட ஒரு பீர் இருந்திருக்காரா!" என்றார். "அந்தப் பொண்ணுக்கு இன்னா பாக்கியம் பாரு. வேற மதத்துப் பொண்ணு, நம்ம பெரியவங்க வரலாத்த காப்பாத்துது."

எங்கள் வீடுகளில் பீர் என்றால் இறைவழி காட்டிய ஞானி. தர்காவில் அடங்கியிருப்பவர். பேச்சில் இரண்டும் வேறு வேறு ஒலி. தமிழில் எழுதினால் ஒரே எழுத்து. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மாமி, அது குடிக்கிற பீரு. சாராயக்கடைல விப்பாங்களே, அது."

"சீ! பொறாமைல வாய்க்கு வந்தத பேசாத. இங்க வந்தப்ப காபிகூட வேணாம்னு தண்ணி குடிச்சிட்டுப் போன பொண்ணு அது."

அன்று தொழுகை முடிந்து அவளுக்காகத் தனியாக துஆ கேட்டார். எனக்காகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. உண்மையைச் சொன்னதற்குப் பொறாமைக்காரி என்ற பட்டம்தான் மிச்சம். அதிலும் பட்டம் சரியாகப் பொருந்தியதால் இன்னும் ஆத்திரம்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவளிடமிருந்து நாலு படங்கள் வந்தன. ஒரு பீர் புத்தகத்தின் உறை. கூடவே அவள் குரல்.

"ஏய், இதப் பாருடி. அடுத்த மாசம் கண்காட்சில வெக்கப்போறோம். இது நம்ம ஊர்த் தோலா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நீ ஆமான்னு சொன்னா அப்படியே எழுதிடுவேன்."

பார்த்ததும் தெரிந்துவிட்டது. வெள்ளாட்டுத் தோல். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் செங்கல் நிறம். உள்பக்கம் மடித்து ஒட்டிய இடத்தில் மட்டும் வெளிர் வைக்கோல் நிறம். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டாமல் விட்ட தோல் இப்படித்தான் வெயிலில் சிவக்கும். வேறு பட்டையும் சிவக்கும் என்று யாராவது வாதம் செய்யலாம். ஆனால் நான் பிறந்ததிலிருந்து பார்த்த சிவப்பு அது. கப்பலில் மூட்டை மூட்டையாகப் போன எங்கள் பக்கத்துத் தோலில் ஒன்று, எவனோ பீர் காய்ச்சியவனின் மேஜையில் கிடந்திருக்கிறது. என் அப்பா மாதிரி யாரோ குழியில் இறங்கி மிதித்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது கண்ணாடிப் பெட்டிக்குள் எழுத்தாக நிற்கும். சொல்லாவிட்டால் கிடையாது.

சொன்னால் பேர் வாங்கப்போவது அவள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இல்லடி," என்று பேசி அனுப்பினேன். "இது ஆவாரம் இல்ல. ஓக் மரப்பட்ட. அவங்க ஊர்த் தோலுதான்."

"நீ சொன்னா சரிதான்" என்று உடனே பதில் வந்தது. அதைக் கேட்டபின் சோற்றை அப்படியே மூடி வைத்தேன். ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுக்கச் சொல்லவில்லை.

கண்காட்சி திறந்த அன்று படம் அனுப்பினாள். கண்ணாடிக்குள் புத்தகம், பக்கத்தில் சின்ன அட்டை. ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் இது: 'உறை, உள்ளூர் ஓக் பட்டையில் பதனிட்ட தோல். உறுதிசெய்தவர், இந்தியாவின் ஆம்பூரைச் சேர்ந்த தோல் வல்லுநர்.'

ஆம்பூர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, ஆம்பூர்த் தோலை இல்லை என்று சொல்வதற்காக. கம்பெனி என்றும் பார்க்காமல் அழுதேன். மேஜையில் எதிரே நின்றவள் கண்ணில் கெமிக்கல் பட்டுவிட்டதா என்று கேட்டாள். வெளியே போய்ப் போன் செய்தேன்.

"அது நம்ம ஆவாரம்தான்டி. பாத்த ஒடனே தெரியும். பொய் சொன்னேன்."

"இன்னாடி சொல்ற? ஏன்?"

"பொறாமை. வேற இன்னா?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேலையில் கெட்டி, வேலையைத்தான் பேசினாள்.

"நாளைக்கே அட்டைய மாத்திடறேன். ஆவாரம்பட்ட, வேலூர்ப் பக்கம்னு போட்டுடறேன். கீழ உன்ன பத்தி ஒரு வரி இருக்கே, அத எடுத்துடட்டா? உனக்கு சங்கடமா இருக்கும்ல."

வெட்கப்பட்டு, எடுத்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"எடுக்காதடி," என்றேன். "வல்லுநர்னு மொட்டையா போட்டிருக்க. என் பேரையும் போடு."