சிவப்பு மூடி டியூப்

பிறந்ததிலிருந்தே என் கைகால்களில் தோல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வெடித்திருக்கும். அபூர்வமான வியாதி என்றார்கள். எண்பதுகளின் கடைசியில், செம்பாக்கத்தில் அண்ணன் வீட்டில் நான் இருந்தபோது, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புதுக் களிம்பைச் சோதிக்க என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சிவப்பு மூடி டியூப் இடது கைக்கு. நீல மூடி வலது கைக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மெழுகு. எது எதுவென்று சொல்ல மாட்டார்கள். நல்ல தோலில் பட்டால் உரித்துவிடும், முகத்தில் பூசவே கூடாது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். வீட்டில் அதை அப்படியே சொன்னேன். அண்ணி சிரித்தாள்.

"உன் தோலுக்கு எதைப் பூசினா இன்னாடி? எலி கெடைக்காம உன்னைப் புடிச்சிகினு கீறானுங்க."

அவள் அப்படித்தான். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், துணி உலர்த்தக்கூடத் தனிக் கொடி.

சில வாரங்களில் இடது கை வழவழப்பானது. ராத்திரி போர்வைக்குள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். பிறகு சிவப்பு மூடி டியூப் சீக்கிரமே சப்பிப்போக ஆரம்பித்தது. நான் கஞ்சத்தனமாகப் பூசினேன். செதில் திரும்பி வந்தது.

"ஏம்மா, ரெண்டையும் மாத்திப் பூசறியா?" என்றார் டாக்டர். "இன்னொரு வாட்டி இப்படி வந்தா உன்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்."

சுற்றிலும் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நின்றார்கள். எலெக்ட்ரிக் ரயிலில் தாம்பரம் வரும்வரை அழுதேன்.

மறுநாள் காலை அண்ணி என் டம்ளரில் காப்பி ஊற்றக் குனிந்தபோது அவள் கன்னத்தில் என் களிம்பின் தார் வாசனை அடித்தது. அவளுக்குக் கன்னத்தில் கறுப்பாக மங்கு படர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கையை எங்கள் வீட்டில் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"அன்னிக்கு நீ வெளிய தலை காட்டாத. உன்னைப் பாத்தா வந்தவங்க ஓடிப்பூடுவாங்க" என்றாள்.

"சரி அண்ணி" என்றேன். ஒரு தடவை எச்சரித்தாகிவிட்டது. இரண்டாம் தடவை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டியூபை ஒளித்துவைக்கவும் இல்லை. அவள் கைக்கு எட்டுகிற மாதிரி கண்ணாடிக்குக் கீழேயே வைத்தேன்.

அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிப் பூசியவள் சனி ராத்திரி அள்ளி அப்பிக்கொண்டாள் போல. ஞாயிறு காலை அவள் இரண்டு கன்னமும் தக்காளித் தோல் மாதிரி உரிந்து நீர் கசிந்தது. அறையைவிட்டு வெளியே வரவில்லை. வந்தவர்களுக்கு பஜ்ஜித் தட்டை நான்தான் கொண்டுபோனேன். ஒருத்தரும் ஓடவில்லை. பையனின் அம்மா இன்னொரு பஜ்ஜி கேட்டு வாங்கினாள்.

அவர்கள் போனதும் அண்ணி கத்தினாள். "பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?"

"சொன்னேன் அண்ணி. நீங்கதான் சிரிச்சீங்க."

அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அது. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு குளிர்கிறது. பாவம் என்று தோன்றவில்லை. தோன்றவேண்டும் என்றும் நினைக்கவில்லை.

அதன்பிறகு டியூபை யாரும் தொடவில்லை. அடுத்த முறை டாக்டர் என் இடது கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஒழுங்கா பூசியிருக்க" என்று புது டியூபை எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா சார்" என்றேன்.