மேவிஸ் விட்ட இடைவேளை

இங்கிலாந்தில் மேரிபோர்ட் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் எங்கள் தியேட்டரை மேவிஸ் டின்னியன்தான் நடத்துகிறாள். டிக்கெட் கொடுப்பது அவள், கழிவறை கழுவுவது அவள், படம் மட்டமாக இருந்தால் வாசலிலேயே நின்று "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, புண்ணியமாப் போகும்" என்று ஜனங்களைத் திருப்பி அனுப்புவதும் அவள்தான். மாடி அறையில் உட்கார்ந்து படம் ஓட்டுகிறவன் நான். இந்த வியாபார சாமர்த்தியத்தைப் பல வருடங்களாகப் பார்த்து நொந்துகொண்டிருக்கிறேன்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் படமானாலும் நடுவில் இடைவேளை விட்டே தீருவாள். இந்த நாட்டில் மற்ற தியேட்டர்கள் அந்த வழக்கத்தைத் தலைமுழுகிப் பல காலம் ஆகிறது. மேவிஸ் மட்டும் ஐஸ்க்ரீம் தட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தனக்குத் தோன்றிய இடத்தில் எழுந்து "இடைவேளை!" என்று கத்துவாள். கொலைகாரன் கத்தியை ஓங்கியிருப்பான். அப்படியே ஓங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்குள் ஊரே வெனிலா தின்று, பாத்ரூம் போய்விட்டு வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு படம் எடுக்க வந்தார்கள். கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கதை. இயக்குநர் நார்வேக்காரர், கதாநாயகி ஆஸ்திரேலியாக்காரி, பணம் பாதி பெல்ஜியத்திலிருந்து. ஆனாலும் இது பிரிட்டிஷ் படமா இல்லையா என்று லண்டனில் ஓர் அலுவலகம் உட்கார்ந்து மார்க் போட்டது. கதை நடக்கும் இடம் நம்முடையது, பேசும் பாஷை நம்முடையது, சாகிறவன் நம்மாள். பாஸ், இது பிரிட்டிஷ் படம்தான் என்று சொல்லிவிட்டது. மேவிஸின் புருஷன் நார்மனுக்கு அது தாங்கவில்லை.

"பொறந்ததுலேர்ந்து இங்கயே கெடக்கேன். எனக்கு ஒரு பய மார்க் போட்டதில்லையே" என்றான்.

வருடம் முழுக்க மழை பெய்கிற ஊர் இது. படக்காரர்கள் வந்த வாரம் பார்த்து வெயில் பல்லைக் காட்டியது. தீயணைப்பு வண்டியை வாடகைக்கு எடுத்து மழை பெய்வித்தார்கள். நீலமும் மஞ்சளுமாக இருந்த வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் சாம்பல் நிறம் அடித்தார்கள். பிரிட்டிஷ் படத்துக்கு வேண்டிய அளவு ஊர் அழுது வடியவில்லையாம்.

நார்மன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவனைத் துணை நடிகனாகப் பிடித்துப் போட்டார்கள். கதாநாயகி எதிரே வருவாள், அவன் பேசாமல் கடந்து போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. எதிரே வருகிறவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் போவது எங்கள் ஊர்க்காரனால் ஆகிற காரியமா? ஒவ்வொரு தடவையும் தொப்பியைத் தூக்கி "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டு வைத்தான்.

"ஐயா, அவ புருஷனை இழந்தவ. அவகிட்டப் பேசாதீங்க!" இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுக்குத்தானே கேக்கறேன்! புருஷனைப் பறிகொடுத்தவளக் கண்டும் காணாம போனா நான் மனுஷனா?"

கடைசியில், நீங்கள் நடக்கவே வேண்டாம், ஓரமாகக் கடலைப் பார்த்து நின்றால் போதும் என்று கெஞ்சி நிறுத்தினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் நார்மன் போய்விட்டான். மாரடைப்பு. மேவிஸிடம் அவனுடைய போட்டோக்கள் இருந்தன. பாதியில் கண்ணை மூடியிருப்பான், மீதியில் கோணங்கித்தனம் பண்ணியிருப்பான். அவன் உயிரோடு அசைகிறதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படம் ஒன்றுதான் கதி. ஆனால் அதில் அவனை வைத்திருக்கிறார்களா, வெட்டி எறிந்துவிட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

படம் வெளிவரவே வெகுகாலம் ஆனது. போஸ்டரில் கதாநாயகி பளீர் வெயிலில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். 'இதயத்தை வருடும் நகைச்சுவை' என்று போட்டிருந்தார்கள். சாவு வீட்டுக் கதை என்று உண்மையைச் சொன்னால் எவன் வருவான்? வந்தவர்கள் ஏமாந்து, வெளியே போய் வைதார்கள். முதலில் பெரிய நகரங்களுக்குத்தான் கொடுப்போம் என்று விநியோகக் கம்பெனி அடம்பிடித்தது. அங்கே காலைக்காட்சியில் காற்று வாங்கிய பிறகுதான் எங்கள் ஞாபகம் வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை. இடைவேளை விடக்கூடாது. இயக்குநரின் கலை கெட்டுப்போகுமாம். கண்காணிக்க ஓர் ஆளும் வருவான்.

மேவிஸ் போனை வைத்தாள்.

"சரின்னுட்டேன்" என்றாள். "எனக்கு என் ஆளப் பாக்கணும். ஐஸ்க்ரீம் நாசமாப் போகட்டும்."

இப்போதெல்லாம் படம் கம்ப்யூட்டர் பூட்டுப் போட்டு வருகிறது. காட்சி நேரத்துக்குத்தான் சாவி வேலை செய்யும். அதனால் முன்கூட்டி ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரே வந்துவிட்டது. லண்டனிலிருந்து கண்காணிக்க ஜைல்ஸ் என்ற பையன் கழுத்தில் மெல்லிய துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மேவிஸ் பழக்க தோஷத்தில் ஐஸ்க்ரீம் தட்டை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். படம் தொடங்கியதும் கூச்சல்.

"ஏய், அது நம்ம கதவு! பாவிங்க, இன்னும் சாயம் போகல!"

"நம்ம நாய் எப்படி நடிக்குது பாரு. அந்தப் பொண்ணவிடத் தேவல."

பாதிப்படம் போயிற்று. நார்மன் வரவில்லை. கூச்சல் மெல்ல அடங்கியது. எல்லோரும் திரையை விட்டுவிட்டு மேவிஸையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

அப்போது கதாநாயகி தீயணைப்பு மழையில் நனைந்தபடி துறைமுகத்தில் நடந்தாள். ஓரத்தில் முதுகைக் காட்டி ஒரு கிழவன். அவள் கிட்டே வந்ததும் அடக்க முடியாமல் திரும்பினான். தொப்பியைத் தூக்கினான். சிரித்தான்.

"இடைவேளை!"

மேவிஸ் கத்திவிட்டாள். நான் பொத்தானை அழுத்தினேன். நார்மன் திரை அகலத்துக்குச் சிரித்தபடி நின்றான்.

ஜைல்ஸ் ஓடி வந்தான். "மேடம், இடைவேளை கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு..."

"தம்பி, உனக்கு வெனிலாவா, ஸ்ட்ராபெரியா?"

அவன் திரையைப் பார்த்தான், அவள் கண்ணைப் பார்த்தான். "ஸ்ட்ராபெரி" என்றான்.

எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மேவிஸ் தட்டைக் கழற்றி வைத்தாள். யாரும் உட்கார விரும்பாத முதல் வரிசையில், நட்ட நடுவில் போய் உட்கார்ந்து திரையை அண்ணாந்து பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜைல்ஸ் பக்கத்தில் இருந்த மீன்கடை நடத்தும் டாட்டியிடம் கிசுகிசுத்தான். "எவ்வளவு நேரம் விடுவாங்க?"

"எல்லாரும் தின்னு முடிக்கிற வரைக்கும்."

அவன் சுற்றிப் பார்த்தான். அரங்கம் முழுக்க, மடியில் ஐஸ்க்ரீம் உருகிக்கொண்டிருந்தது. ஒருவரும் மூடியைத் திறக்கவில்லை.