தெற்குக் கிளையின் நெட்டைப் பட்டை

எங்கள் ஆபீஸில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. படக்காரம்மா என்றால்தான் தெரியும். லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனி எங்களுடையது. நாலு கிளைகளிலிருந்தும் வரும் கணக்கை மென்பொருளில் ஏற்றி, மாதக் கடைசியில் பட்டை பட்டையாகப் படம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்து மேசை என்னுடையது. ஒரு பட்டைக்கு எந்த நீலம் என்று அவள் முடிவு செய்வதற்குள் நான் ரெண்டு காபி குடித்துவிடுவேன். கட்டின புருஷனைக்கூட இத்தனை யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாள்.

இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு திட்டுகூட வாங்கியதில்லை என்பதில் அவளுக்கு ஏகப் பெருமை. அதற்கு வழி சுலபம். கேட்டதைக் கொடுப்பாள், கேள்வி கேட்க மாட்டாள். தப்பாக இருந்தாலும் நேர்த்தியாக இருக்கும்.

அவள் போடும் படத்தில் கிளைக்கு ரெண்டு பட்டை. ஒன்று, வந்த புகார். மற்றது, தீர்த்த புகார். சின்னக் குழந்தைக்கும் புரியும். எங்கள் மேனேஜருக்குத்தான் புரியவில்லை.

"எதுக்கும்மா ரெண்டு ரெண்டா? கண்ணைக் கட்டுது. டைரக்டருங்க ஒரு நிமிஷம்தான் பாப்பாங்க. ரெண்டையும் சேத்து ஒரே பட்டையாப் போடு."

"கூட்டினா சரியா வருமா சார்?"

அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"ரெண்டும் புகார்தானே?" என்றார் அவர்.

பிறகென்ன? அட்டவணையிலிருந்து ரெண்டு பத்திகளையும் இழுத்து ஒரே பெட்டியில் போட்டாள். கூட்டலா, சராசரியா என்று மென்பொருள் கேட்டது. மூளை இருக்கிறதா என்று கேட்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டலை அமுக்கினாள்.

வடக்குக் கிளைக்கு நூறு புகார் வந்து, பத்தைத் தீர்த்திருந்தார்கள். பட்டை நூற்றுப்பத்து. தெற்குக் கிளைக்கும் நூறுதான் வந்தது. நூறையும் தீர்த்திருந்தார்கள். பட்டை இருநூறு! அதற்குச் சிவப்பு அடிக்கச் சொன்னார் மேனேஜர். அவர் சொன்னபடியே டைரக்டர்கள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். அடுத்த மாதமும் தெற்கில் இவ்வளவு புகார் இருந்தால் கிளைத் தலைவரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது என்று தீர்மானம்.

அந்தக் கிளைத் தலைவர் வேறு யாருமில்லை, படக்காரம்மாவின் அக்கா புருஷன். ராப்பகல் பாராமல் கையில் கிரீஸோடு அலைகிற மனுஷன். அவள் பதறிப்போய் மேனேஜரிடம் ஓடினாள்.

"இப்ப மாத்தினா, காட்டினது தப்புன்னு ஆயிடாதா?" என்றார் அவர். ஆகிவிடும்தான். அதனால் தப்பே நிரந்தரமாயிற்று.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என் எதிரிலேயே மாமாவுக்குப் போன் போட்டு, பட்டை எப்படி வளர்ந்தது என்று விளக்கினாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"அப்ப நான் லிப்டை சரி பண்றதுதான் தப்பா?"

"கூட்டல் அப்படி இருக்கு மாமா."

பிறகு, "புரிஞ்சுதும்மா" என்றார்.

அவர் புரிந்துகொண்ட லட்சணம் அடுத்த மாதம் தெரிந்தது. தெற்குப் பட்டை கழுதை தேய்ந்து கட்டெறும்பாகியிருந்தது. தீர்த்தது ஒன்றுகூட இல்லை. ஆளே வராத கம்பெனிக்கு ஜனங்கள் எத்தனை தரம்தான் போன் பண்ணுவார்கள்? வந்த புகாரும் பாதியாகிவிட்டது. டைரக்டர்கள் கை தட்டினார்கள். மாமாவுக்கு ஒரு கேடயம். அதை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இழவு வீட்டுக்கு வந்தவர்கூட இன்னும் கொஞ்சம் தெளிவாக இருப்பார்.

உப்பைத் தின்றால் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? படக்காரம்மா குடியிருப்பது தெற்குப் பக்கம், ஆறாவது மாடி. புருஷனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தையல் பிரிக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் லிப்ட் நின்றுபோனது. ஆபீஸிலிருந்தே மாமாவைக் கூப்பிட்டாள்.

"இவரால படி இறங்க முடியாது மாமா. நாளைக்குத் தையல் பிரிக்கணும்."

"புகார் எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எழுதாதே. ஆள் வருவான், சரி பண்ணுவான். ஆனா சரி பண்ணினதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே. எனக்கு ரெண்டு பொண்ணு படிச்சிட்டிருக்கு."

மெக்கானிக் யூனிபார்மைக் கழற்றிவிட்டு, திருட வந்தவன் மாதிரி பின்வாசல் வழியாக வந்து சரி செய்துவிட்டுப் போனானாம். புருஷனும் சௌகரியமாக இறங்கிப் போய்த் தையல் பிரித்துக்கொண்டு வந்தார். நல்லதுதான், யார் வேண்டாமென்றது?

இன்றைக்குக் காலையில் அவள் மறுபடியும் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறந்த கிளைக்குப் பச்சை அடிக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். "இலைப் பச்சை நல்லா இருக்கா, கிளிப் பச்சையா?" என்று என்னைக் கேட்டாள். நான் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நானும் தெற்குப் பக்கம்தான். ஐந்தாவது மாடி. எங்கள் லிப்டும் நின்றுதான் கிடக்கிறது, அந்தக் கிளையில் எனக்கு மாமா யாரும் இல்லை.