ப்ளக்கைப் பிடுங்காத எவேலியோ

கியூபாவின் கடலோர ஊரான ஹிபாராவில் புயல் அடித்தால் முதலில் தொலைபேசி சாகும், அடுத்தது மின்சாரம். அப்புறம் ஊருக்கு மிஞ்சுவது நெரெய்தாவின் வாய்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள். வெளியூர்களோடு பேச உதவும் தன் அமெச்சூர் ரேடியோவின் முன் உட்கார்ந்துவிட்டால் ஹவானாவையே அதட்டுவாள். ஆனால் அந்த ரேடியோவுக்குச் சக்தி போதாது. போன புயலில் இரைச்சலுக்குள் அவள் குரல் அமுங்கிப்போனது. அந்த ஆத்திரத்தில், பழைய ரஷ்ய டி.வி.க்களிலிருந்து கண்ணாடி வால்வுகளைக் கழற்றி, ரேடியோவின் சக்தியைக் கூட்ட தானே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினாள். புயல் நேரத்தில் இரண்டும் ஒரு சின்ன ஜெனரேட்டரில் ஓடும்.

அதை ரேடியோவோடு இணைப்பதில் மட்டும் அவளுக்கு அவசரமே கிடையாது. முதலில் மண்ணுக்குள் இறங்கும் தரைக்கம்பி, பிறகு ஆன்டெனா, கடைசியில்தான் மின்சாரம். மூடியைத் திறப்பதென்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. அவள் புருஷன் எவேலியோவுக்கு இதெல்லாம் சிரிப்பு. நல்ல மனிதன்தான், பொறுமை மருந்துக்கும் கிடையாது.

புயல் எங்கள் பக்கம் திரும்புகிறது என்று செய்தி வந்த அன்று, அவளும் பக்கத்து வீட்டுக்காரியான நானும் ரொட்டி வரிசையில் நின்றோம். எங்கள் முறை வரும்போது மின்சாரம் போனது. வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பினால், எவேலியோ மேசைமேல் குனிந்து நிற்கிறான். ஆம்ப்ளிஃபயரின் மூடி தரையில் கிடக்கிறது. அவன் வலது கை முழங்கை வரை பெட்டிக்குள்.

"கைய அசைக்காத!" என்று நெரெய்தா அலறினாள்.

"ஏன் ராசாத்தி கத்துற? ஆன்டெனா கம்பி கழண்டு கெடந்துச்சு. கரண்ட் வர்றதுக்குள்ள மாட்டிரலாம்னு பாத்தேன்."

"ப்ளக்க எடுத்தியா?"

"கரண்டே இல்ல, ப்ளக்க எதுக்கு எடுக்கணும்?"

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்த நினைப்புதான். மின்வெட்டு என்றால் பழுதுபார்க்க நல்ல நேரமாம். எனக்கு அவனை ரொட்டியாலேயே அடிக்கலாம் போலிருந்தது.

"உள்ள கரண்ட் தேங்கி நிக்கும், முட்டாப்பயலே! ஆயிரம் வோல்ட்டு! எதுலயும் படாம கைய மேல தூக்கு. மெதுவா."

அவன் முகம் வெளுத்தது. கை மெல்ல மேலே வந்தது. ஒரு கம்பிக்கு மிக அருகில் நின்றது, பிறகு வெளியே வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நெரெய்தா மேசைக்கடியில் புகுந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். தரைக்கம்பியோடு இணைத்த கொக்கியை ஒரு கட்டையின் நுனியில் கட்டி வைத்திருப்பாள். தேங்கிய கரண்ட் மண்ணுக்குள் இறங்கட்டுமென்று அதை எடுத்து உள்ளேயிருந்த மின்தேக்கியைத் தொட்டாள். பட்டாசு போலச் சத்தம் வெடித்தது. நீலப் பொறி பறந்தது. எவேலியோ தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

"கரண்ட் வந்திருச்சு!" என்று தெருவே கத்தியது. பிள்ளைகள் தட்டுகளைத் தட்டினார்கள். எதிர்வீட்டில் பாட்டு அலறியது. எங்கள் தெருவுக்கு இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. நெரெய்தா ப்ளக்கைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கேக்குதா?" என்றாள் அவனிடம். "இப்ப ஒன் கை உள்ள இருந்து, ப்ளக்கும் மாட்டியே இருந்திருந்தா, இந்தக் கூச்சல்ல நீ கத்துறது யாருக்குக் கேட்டிருக்கும்? எல்லாரும் ஆடிக்கிட்டு இருந்திருப்பாங்க."

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.