கேட்காமல் மாற்றிய ஒரு செட்டிங்

1. போன்

தஞ்சாவூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். புரோகிராம் எழுதுவது என் பொழுதுபோக்கு. ஒரு மியூசிக் பிளேயர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக நெட்டில் போட்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் குமாரவேல் கூப்பிட்டார். ஒரத்தநாடு பக்கம் மைக்செட் வைத்திருப்பவர். பிளேயரை முதன்முதலில் தொழிலுக்குப் பயன்படுத்தியவர் அவர்தான்.

"சார், லிஸ்ட் முடிஞ்சா நிக்கும்னுதான சொன்னீங்க?"

"ஆமாங்க, நிக்கும்."

"நிக்கல சார்."

போனை வைத்துவிட்டார். மூன்று தடவை திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

2. நான் செய்தது

அதற்கு முந்தின நாள்தான் புது வெர்ஷன் விட்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பல மாதமாக மெயில் போட்டுக்கொண்டிருந்தார். சமைக்கும்போது ஒரு ஃபோல்டர் முடிந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்ததைப் போட வேண்டியிருக்கிறது, தானாகவே போனால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தார். கூடவே என் பிளேயரை நிறையப் புகழ்ந்திருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு ஃபோல்டர் முடிந்ததும் அடுத்த ஃபோல்டருக்குப் போகும்படி எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். யாரும் கவனிக்காமல் போய்விடுவார்களோ என்று எல்லோருக்கும் அதை 'ஆன்' செய்தே அனுப்பினேன். என்னென்ன மாற்றினேன் என்ற குறிப்பில் ஆறாவது வரியாக, இங்கிலீஷில் எழுதியிருந்தேன். குமாரவேலுக்கு இங்கிலீஷ் தெரியாது.

நெட் கிடைத்தால் பிளேயர் தானாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும். வியாழக்கிழமை காலையில் ஒரு துக்க வீட்டுக்கு மைக்செட் கட்டப் போன குமாரவேலிடம், செத்துப்போன பெரியவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். அதை டவுன்லோடு பண்ண லேப்டாப்பில் நெட் போட்டிருக்கிறார். அப்போது புது வெர்ஷன் ஏறிவிட்டது.

மத்தியானம் பாடையைத் தூக்கும் நேரம். தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரை அவிழ்க்க குமாரவேல் மேலே ஏறியிருந்தார். 'இரங்கல்' என்ற ஃபோல்டரில் கடைசிப் பாட்டு முடிந்தது. அகர வரிசையில் அதற்கடுத்து இருந்தது 'கல்யாணம்'. அதில் முதல் பாட்டே விசிலோடு ஆரம்பிக்கும் குத்துப்பாட்டு. அவர் இறங்கி ஓடி வருவதற்குள் அரை நிமிஷம் பாடிவிட்டது.

3. அவர் வீடு

மறுநாள் பைக்கில் போனேன். குமாரவேலின் உதடு வீங்கியிருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் லேப்டாப்பைத் தரையில் அடித்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபையரை வாய்க்காலில் எறிந்துவிட்டார்களாம். அவர் தெருக்காரர்கள் யாரும் அந்த ஊரில் எதிர்த்துப் பேசிவிட முடியாது.

"உங்களக் குத்தம் சொல்லல சார். சும்மாதான குடுத்தீங்க" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "சும்மா குடுத்தா சொல்லாம மாத்தலாமாங்க?"

பதில் என்னிடம் இருந்தது. இந்தப் புரோகிராமால் எது நடந்தாலும் எழுதியவர் பொறுப்பல்ல என்று பிளேயரோடு வரும் லைசென்ஸில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நான் போயி அவங்ககிட்ட என் தப்புதான்னு சொல்றேங்க" என்றேன்.

"போவாதீங்க சார். கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்ல நான் ஆள் புடிச்சு அனுப்புனதா நெனைப்பாங்க."

அவர் பேச்சைக் கேட்காமல் போனேன். இறந்தவரின் மகன் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிளேயரு, அப்டேட்டு, அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. எங்கப்பாவத் தூக்குறப்ப அந்தப் பாட்டப் போட்டவன் அவன்தான்."

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

4. வீடியோ

அன்றைக்கு நடந்ததை யாரோ செல்போனில் பிடித்திருந்தார்கள். அழுகைச் சத்தம், திடீரென்று விசில், கம்பத்திலிருந்து பதறி இறங்கும் ஓர் ஆள். வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. எங்கள் மில் முதலாளியே சிரிக்கிற பொம்மைகளோடு எனக்கு அனுப்பினார். அடுத்த நாள் மில்லில், "பாத்தீங்களா, எப்படி?" என்று கேட்டார். "பாத்தேன் சார்" என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அந்த வசதியை 'ஆஃப்' செய்து மறு வெர்ஷன் விட்டேன். மாற்றக் குறிப்பைத் தமிழில் எழுதினேன். சிங்கப்பூர்க்காரர் மட்டும் வருத்தப்பட்டு மெயில் போட்டார்.

குமாரவேலை அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் யாரும் கூப்பிடவில்லை. வீடியோவில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்ததுதான் காரணம். வேறு ஆம்ப்ளிஃபையர் வாங்கித் தருகிறேன் என்றேன். "வாங்கி எந்த ஊருக்கு சார் கட்டுறது?" என்றார். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

புதிதாகப் புரோகிராம் எழுத வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். நீங்கள் எழுதியதை வைத்து ஒருவர் பிழைக்கிறார் என்று தெரிந்தால், எதையும் மாற்றும் முன் அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். குமாரவேல் மைக்செட் கட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, அந்த வீடியோவில் தவிர.