நைட்டி பிடித்துவைத்த சீட்டு

ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கிறவனுக்கு நல்ல கால்களும் நல்ல ஞாபகசக்தியும் வேண்டும் என்பார்கள். எனக்குக் கால்கள் இருக்கின்றன. சங்கரன்கோவிலில் ஒரு நைட்டிக் கம்பெனியின் மாதிரிகளைப் பையில் அடைத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கடைகளில் ஆர்டர் பிடிப்பது என் வேலை. இதற்கு எங்கள் தொழிலில் ‘லைனுக்குப் போவது’ என்று பெயர். குடையைப் பஸ்ஸிலும் கண்ணாடியை ஹோட்டலிலும் விட்டுவிட்டு வந்து வீட்டில் பேச்சு வாங்கும் அன்பர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

இந்த ஆடியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிது. கடையநல்லூரில் மைதீன் பாய் கடை பெரிய கடை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் குடும்பத்துக்கே மொத்தமாகத் துணி எடுப்பது அங்கேதான். எங்கள் சரக்கு மட்டும் அந்தப் படி ஏறியதில்லை. “பாய் கடையப் பிடிச்சிட்டு வாங்க. இல்லன்னா தீவாளியிலருந்து நீங்க குடோன்ல இருந்து பட்டன் செக் பண்ணுங்க. லைனுக்கு வேற ஆளப் பாக்கேன்” என்றார். குடோனுக்கு ஜன்னல் கிடையாது. அதைவிடப் பெரிய கவலை, நான் புத்தகம் படிப்பதெல்லாம் பஸ்ஸில்தான். வீட்டில் டிவி, கம்பெனியில் முதலாளி. பஸ் போனால் என் வாசகசாலை போயிற்று.

முதலாளி அப்படிச் சொன்னதற்குக் காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் எழுதினால் காகிதம் போதாது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

சிவகிரி தரிசனம்

சிவகிரியில் இறங்குவதற்காக, அந்த வழியாக ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினேன். கையில் உணவின் வரலாற்றைப் பற்றி ஒரு தடித்த புத்தகம். மிளகாய் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்த கதையில் மூழ்கிவிட்டுத் தலை நிமிர்ந்தால் ராஜபாளையம். இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸைத் தேடிப் பிடித்து ஏறினேன். அது நான் இறங்கிய பஸ்ஸேதான் என்பதைக் கண்டக்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

இந்த முறை புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். படித்ததை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். மிளகாய் வரும்வரை நம்மவர்கள் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள் என்பது சாதாரண விஷயமா? அப்படியானால் அந்தக் காலத்துக் குழம்பு என்ன நிறத்தில் இருந்திருக்கும்? குழம்பின் நிறம் தெளிவதற்குள் சிவகிரி வந்தது, நின்றது, போய்விட்டது. கண்டக்டர் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்:

“சார், சிவகிரியில இறங்குத எண்ணம் உண்டா, இல்ல ஊரச் சும்மா பாத்துட்டுப் போக வந்தியளா?”

குருவிகுளத்துக் கொடி

குருவிகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் பேச்சியம்மாள் என்பவர் வீட்டு முன்னறையிலேயே துணிக்கடை வைத்திருக்கிறார். இடம் போதாததால் மாதிரிகளை வாசலில் இருந்த கொடியில் தொங்கவிட்டுக் காட்டினேன். மானாவாரிக் காட்டுக் காற்றில் பூப்போட்ட நைட்டிகள் கொடி நிறையப் பறந்தன. பிடித்த டிசைன்களை அந்த அம்மாள் சொன்னார். குறித்துக்கொண்டு, கொடியில் கிடந்ததையெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த ஊர்க் கடைக்காரர் பையிலிருந்து ஒன்றை உருவித் தடவிப் பார்த்து, “இது மெத்துன்னு இருக்கே, இதுல போடுங்க” என்றார். நூலின் தரம், சாயத்தின் தரம், நெசவின் நெருக்கம் என்று நான் ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினேன். முடிக்கிற நேரத்தில் போன் அடித்தது. பேச்சியம்மாள்.

“சார், நான் காலையில தொவச்சுக் காயப்போட்ட நைட்டிக்கு அங்கன என்ன வெல சொல்லிட்டிருக்கிய?”

இடம் பிடித்தல்

ஆகவே மைதீன் பாயைப் பார்க்கப் போன அன்று மிகுந்த எச்சரிக்கையோடு கிளம்பினேன். புத்தகத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்தேன். புது மாடல் நைட்டியைப் பையின் மேலாக வைத்தேன். பக்கவாட்டில் செல்போன் போட ஆழமான பாக்கெட், அதற்கு ஒரு ஜிப். இந்த ஜிப்பைத்தான் முதலாளி நம்பியிருந்தார். பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கலாம் என்று தோளைத் தொட்டால் துண்டு இல்லை. புத்தகத்தை வீட்டில் வைத்தபோது அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். யோசிக்க நேரமில்லை. பையைத் திறந்து, கைக்கு வந்ததைச் சீட்டில் போட்டேன்.

முண்டியடித்து ஏறிப் பார்த்தால், ஜன்னலோரச் சீட்டில் புது மாடல் நைட்டி ஆள் உட்கார்ந்தது போலவே கிடந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் காவலுக்கு அமர்ந்திருந்தார். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தருக்க நூலார் முடிவு. நைட்டி உள்ள இடத்தில் ஒரு பெண் உண்டு என்பது அந்தப் பஸ்ஸின் முடிவு.

“இது நான் போட்ட இடம்” என்றேன்.

“லேடீஸ் வருதாங்க. தள்ளி நில்லுங்க” என்றார் காவல் அம்மாள்.

“அந்த நைட்டி என்னோடதும்மா.”

பஸ் முழுவதும் என் பக்கம் திரும்பியது. வாக்கியத்தை வேறு மாதிரி அமைத்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. கண்டக்டர் வந்து நைட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பொம்பளைகளுக்கு ஃப்ரீ. அதனால நைட்டிக்கு டிக்கெட்டு வேண்டாம். உங்களுக்கு எந்த ஊரு?”

ஜிப்

நான் நைட்டிக் கம்பெனிக்காரன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே விளக்கியதும் பஸ்ஸின் மனம் இளகியது. இடம் மட்டும் கிடைக்கவில்லை. அதில் காவல் அம்மாளின் மதினி உட்கார்ந்துவிட்டார். நைட்டி கைமாறத் தொடங்கியது. “ஏட்டி, ஜிப்பு வச்சிருக்கான் பாரு” என்றது ஒரு குரல். “கைய இன்னும் கொஞ்சம் எறக்கிருக்கலாம்” என்றது இன்னொன்று. “சாவியையும் போனையும் உள்ள போட்டுட்டுத் தண்ணி பிடிக்கப் போலாம்லா” என்று மதினி தீர்ப்புச் சொன்னார். “இது எங்கன கெடைக்கும்?” என்று காவல் அம்மாள் கேட்டபோது எனக்குள் ஒரு விஷமம் எட்டிப் பார்த்தது. “கடையநல்லூர் மைதீன் பாய் கடையில” என்றேன். பாய் என் முகத்தைக்கூட அதுவரை பார்த்ததில்லை.

இந்தப் பொய்யை எப்படி மெய்யாக்குவது என்ற யோசனையில் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். பை லேசாக இருந்தது. திறந்து பார்த்தேன். பழைய மாடல்கள் எல்லாம் இருந்தன. ஜிப் வைத்தது பஸ்ஸோடு போயிருந்தது. கண்முன்னால் குடோன் வந்தது. அதிலிருந்த பட்டன்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

வந்ததற்குப் பாய் முகத்தையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று கடைக்குள் நுழைந்தேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதிரே காவல் அம்மாள், மதினி, இன்னும் சிலர். மேசையில் என் நைட்டி. “இந்த மாடலுதான் பாய். உங்க கடையிலதான் இருக்குன்னு ஒரு சாரு சொன்னாரு. இத எங்க கையில விட்டுட்டு அவரு பஸ்ஸுலயே எங்கயோ போயிட்டாரு” என்று காவல் அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி என்னைப் பார்த்துவிட்டார். “இந்தா வாராருல்லா.”

நடந்ததை ஒன்றுவிடாமல் பாயிடம் சொன்னேன், துண்டை மறந்தது உட்பட. அவர் சிரிக்கவில்லை. ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். தன் போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டு, நைட்டியைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினார். போன் விழவில்லை.

“சரக்கு வந்துட்டு, வாங்குத ஆளும் வந்தாச்சு, விக்கிற நீரு மட்டும்தான் வே லேட்டு. எல்லா அளவுலயும் போட்டு அனுப்பும்.”

முதலாளி

நான் ஊர் திரும்புவதற்குள் பாய் போனில் பேசிவிட்டார்; ஆகவே கதையை என் பாணியில் சொல்லும் வாய்ப்பு பறிபோயிற்று. முதலாளி மறுபடியும் உட்காரச் சொன்னார். ஆர்டரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவர் குடோன் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். அங்கே நான் நடமாடுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பெருமூச்சு விட்டார்.

“குடோனு வேண்டாம் சார். நீங்க அங்க இருந்தா உள்ள இருக்க சரக்கு எங்க போகும்னு எனக்குத் தெரியாது, பஸ்ஸுலயே இருங்க.”

ஆக, நான் இன்னும் லைனில்தான் இருக்கிறேன். எந்த லைனில் என்பதை மட்டும் அவ்வப்போது கண்டக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன்.